சுற்றுச்சுவரும் புகார்க் குழுவும்

கல்லூரி வளாகத்தில் ஒரு மாணவிக்குப் பாலியல் வன்கொடுமை நடந்தது என்று செய்தி வந்தால், அடுத்து நம் ஊரில் என்னென்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். வாசலில் அடையாள அட்டையைப் பார்ப்பார்கள். கேமராக்களின் எண்ணிக்கை கூடும். பெண்கள் ஹாஸ்டலின் கதவு இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடப்படும். 2024 டிசம்பர் 23 இரவு சென்னை கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி தாக்கப்பட்டபோதும் இதுதான் நடந்தது. குற்றவாளி வெளியாள்; சாலையோரம் பிரியாணிக் கடை நடத்தியவன். மாணவி மறுநாளே கோட்டூர்புரம் மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார், அதற்கடுத்த நாள் அவன் பிடிபட்டான். 2025 ஜனவரியில் சட்டமன்றம் பாலியல் வல்லுறவுக்கான குறைந்தபட்சத் தண்டனையை 10 ஆண்டிலிருந்து 14 ஆண்டாக உயர்த்தியது. ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்கு 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதித்தது. ஐந்து மாதத்தில் தீர்ப்பு என்பது இந்தியாவில் அபூர்வம். அதைச் சாத்தியமாக்கியதில் கேமராவுக்கும் கூடுதல் தண்டனைக்கும் இருந்த பங்கைவிட, ஒரு பெண் மறுநாளே வந்து புகார் சொன்னதற்குத்தான் பங்கு அதிகம். அதே வழக்கில் அவருடைய விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை காவல்துறை இணையதளம் வழியாகவே வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு 25 லட்ச ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. அவர் படிப்பை முடிக்கும்வரை கட்டணம் வாங்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. புகார் கொடுத்ததற்கே ஒரு பெண் இழப்பீடு பெற வேண்டியிருந்தது என்பதை மற்ற மாணவிகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்பதை ஒரு வேலையாகவும், குற்றம் நடக்காமல் தடுப்பதை வேறொரு வேலையாகவும் நாம் பிரித்துவைத்திருக்கிறோம். முதலாவதைக் கவுன்சலரிடமும் இரண்டாவதை வாட்ச்மேனிடமும் விட்டுவிடுகிறோம். உண்மையில் இரண்டும் ஒரே வேலை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பார்த்தால், பதிவாகும் பாலியல் வல்லுறவு வழக்குகளில் 100-க்கு 90-க்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார். கல்லூரியில் அது சீனியராக, காதலனாக, லேப் பொறுப்பாளராக, ஆய்வு வழிகாட்டியாக இருக்கலாம். அவர்களை எந்த வாசலில் நிறுத்திச் சோதிப்பது? அப்படிப்பட்ட ஒருவனுக்குத் துணிச்சல் தருவது அவள் வெளியே சொல்ல மாட்டாள் என்ற கணக்குத்தான். நம் சமூகத்தில் அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்புவதில்லை. வீட்டில் தெரிந்தால் முதலில் நிற்பது படிப்பு. அடுத்தது அவசரக் கல்யாணம். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கு இது வெறும் பயமில்லை, பக்கத்து வீட்டில் நடந்து பார்த்த விஷயம். ‘உன் அப்பாகிட்ட சொல்லிடுவேன்’ என்ற மிரட்டலுக்கு இவ்வளவு வலு இருப்பது அதனால்தான். சொன்னால் படிப்பு போகாது, பெயர் வெளியே வராது, சொன்னதற்குப் பலன் இருக்கும் என்ற நம்பிக்கை வளாகத்தில் பரவினால் அவனுடைய கணக்கு பொய்த்துப்போகும்.

காகிதத்தில் இதற்கான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ராஜஸ்தானில் 1992-இல் ஓர் அரசுத் திட்டத்தின் கீழ் பணியாற்றிய பன்வாரி தேவிக்கு நடந்த கொடுமையிலிருந்து 1997-இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு வந்தது. அதிலிருந்து 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. அதையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களுக்கெனத் தனி ஒழுங்குமுறைகளை வகுத்து 2016 மே மாதம் அறிவிக்கை செய்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு மூத்த பேராசிரியையிடம். குறைந்தது பாதிப் பேர் பெண்கள். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். மாணவர் சம்பந்தப்பட்ட விவகாரமென்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவப் பிரதிநிதிகள். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்றோர் குழுவில் இருக்கக் கூடாது. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போதே, புகாருக்கு உள்ளானவர் அந்த மாணவியின் விடைத்தாளைத் திருத்தவோ செயல்பாட்டை மதிப்பிடவோ முடியாமல் தடுக்கவும் குழு பரிந்துரைக்கலாம். ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் பாதிக்கப்படலாம் என்பதை ஒழுங்குமுறைகள் வெளிப்படையாகவே ஏற்கின்றன. இப்போது ஒரு சாதாரணக் கல்லூரியில் ஒரு விண்ணப்பம் எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள். ‘பெறுநர்: முதல்வர் அவர்கள்’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘வழி: துறைத் தலைவர்’ என்று போட வேண்டும். லீவு லெட்டர் முதல் ஃபீஸ் கட்ட அவகாசம் கேட்பது வரை இதுதான் பழக்கம். புகாரே துறைத் தலைவர் மீதென்றால்? கைப்பையில் அந்தத் தாளை மடித்துவைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கும் பெண்ணுக்கு அறிவிப்புப் பலகையில் இருக்கும் பட்டியல் உதவுவதில்லை. அதில் இரண்டு பேர் பணிமாறுதலில் போயிருப்பார்கள், ஒருவர் ஓய்வு பெற்றிருப்பார்.

அவள் முதலில் போவது பெரும்பாலும் குழுவிடம் அல்ல. ரூம்மேட்டிடம் சொல்வாள், அல்லது கொஞ்சம் பாசமாகப் பேசும் ஒரு மேடத்திடம். அந்த முதல் பத்து நிமிடத்தில் கேட்பவர் என்ன சொல்கிறார் என்பதில்தான் மற்றதெல்லாம் தொங்குகிறது. ‘அந்த நேரத்துல அங்க ஏன் போன?’, ‘கத்தியிருக்கலாமே?’ என்ற கேள்விகளோடு பல விவகாரங்கள் அங்கேயே புதைந்துவிடுகின்றன. ஏன் கத்தவில்லை என்பதற்கு மருத்துவத்தில் பதில் இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் பாலியல் வல்லுறவுக்கான அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், 70 சதவீதம் பேர் தாக்குதலின்போது உடல் உறைந்து அசைய முடியாத நிலைக்குக் கணிசமாக ஆளானதாகத் தெரிந்தது. எதிர்க்காதது சம்மதம் அல்ல. ‘நீ சொல்றதை நம்புறேன்ம்மா. இது உன் தப்பு இல்ல. இப்ப உனக்கு என்ன வேணும்?’ இவ்வளவு போதும். துப்பறிவது கேட்பவரின் வேலை இல்லை. அதன்பிறகு நேரம் முக்கியம். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அணிந்திருந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் வைத்தால் ஈரத்தில் தடயம் கெட்டுவிடும். அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, இலவசமாக உடனே சிகிச்சை தரச் சட்டப்படி கடமைப்பட்டது. எஃப்ஐஆர் கொண்டுவா என்று திருப்பி அனுப்பக் கூடாது. ‘இருவிரல் சோதனை’ செய்வது முறைகேடு என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. முதலாண்டு மாணவிகள் பலருக்கு வயது 17 என்பதையும் ஆசிரியர்கள் மறந்துவிடக் கூடாது. அங்கே போக்சோ சட்டம் வருகிறது; தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பது குற்றம்.

நிறுவனம் கைவிடும்போது காயம் இரட்டிப்பாகிறது என்பது வெறும் உணர்ச்சிப் பேச்சு அல்ல. கார்லி ஸ்மித், ஜெனிஃபர் ஃப்ரெய்ட் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவிகளிடம் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தாக்குதலோடு நிறுவனத்தின் துரோகத்தையும் சந்தித்தவர்களுக்குப் பதற்றம் முதலான மனப் பாதிப்புகள் கூடுதலாக இருந்தன. ஒடிசாவின் பாலசோரில் ஒரு கல்லூரி மாணவி துறைத் தலைவர் மீது புகார் கொடுத்துவிட்டு நடவடிக்கைக்காகக் காத்திருந்தார். கடைசியில் கல்லூரி வளாகத்திலேயே தீக்குளித்து, 2025 ஜூலை 14 அன்று உயிரிழந்தார். துறைத் தலைவரும் முதல்வரும் அவர் தீக்குளித்த பிறகுதான் கைதானார்கள். சென்னை கலாக்ஷேத்ராவில் 2023 மார்ச் இறுதியில் மாணவர்கள் தரையில் உட்கார்ந்து போராடிய பிறகே ஓர் உதவிப் பேராசிரியர் கைதானார். ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. புகார் கேட்கப்படுவதற்குத் தெருவும் தொலைக்காட்சியும் தேவைப்படுகின்றன என்றால், உள்ளே இருக்கும் குழுவை யாரும் நம்பவில்லை என்று பொருள்.

பொய்ப் புகார் வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் சட்டம் அதை மறக்கவில்லை. தெரிந்தே தீய நோக்கத்தோடு கொடுத்த புகாருக்கு நடவடிக்கை உண்டு. நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே பொய்க்கு ஆதாரமாகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் ஒழுங்கான குழுதான் பாதுகாப்பு என்பதற்குக் கோவா பல்கலைக்கழக வழக்கைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2009-இல் மாணவிகள் ஒரு துறைத் தலைவர் மீது புகார் செய்தார்கள். குழு விசாரித்தது, அவர் பதவி நீக்கப்பட்டார். ஆனால் விசாரணையின் கடைசிக் கட்டத்தைக் குழு அவசர அவசரமாக முடித்து, அவருக்குத் தன் தரப்பைச் சொல்லப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்று 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து செய்து, விசாரணையைப் பழைய இடத்திலிருந்தே தொடரச் சொன்னது. 14 ஆண்டு போயிற்று. புகார் கொடுத்த மாணவிகளுக்கும் நியாயம் கிடைக்கவில்லை, அவருக்கும் முடிவு தெரியவில்லை. பயிற்சி இல்லாத குழு இரு தரப்புக்கும் செய்யும் அநியாயம் இது. குழு செய்யக் கூடாத இன்னொன்று, ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்பது. சமரசத்தைப் பாதிக்கப்பட்ட பெண் தானாகக் கேட்டால்தான் பேசலாம். அதிலும் பணம் கைமாறக் கூடாது.

குற்றமென்றால் போலீசிடம் போகட்டும், கல்லூரிக்கு எதற்கு இந்த வேலை என்பது அடுத்த ஆட்சேபம். போலீசுக்குப் போக வழிகாட்டுவதும் துணைக்கு வருவதும் கல்லூரியின் கடமையே. ஆனால் எஃப்ஐஆர் போட்டதால் திங்கட்கிழமை லேபில் அவள் பக்கத்து மேசையில் அவன் நிற்பது மாறிவிடாது. பேட்ச் மாற்றுவது, வைவாவுக்கு வேறு தேர்வாளரை வைப்பது, தவறவிட்ட இன்டர்னல் தேர்வை மறுபடி நடத்துவது, அட்டெண்டன்ஸ் குறையாமல் லீவு தருவது எல்லாம் கல்லூரியின் கையில் இருப்பவை. மதிப்பெண் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை அருப்புக்கோட்டை நமக்குக் காட்டியது. அங்கே ஒரு கல்லூரியின் உதவிப் பேராசிரியை மதிப்பெண் ஆசை காட்டி மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்ததாக 2018-இல் ஓர் ஒலிப்பதிவு வெளியானது. அந்த உதவிப் பேராசிரியைக்கு 2024 ஏப்ரலில் 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

தடுப்புப் பயிற்சியால் பலன் உண்டா என்றால், எப்படிப்பட்ட பயிற்சி என்பதைப் பொறுத்தது. ஆண்டுக்கு ஒரு நாள் ஆடிட்டோரியத்தில் 500 பேரை உட்காரவைத்து, குத்துவிளக்கேற்றிப் பேசி அனுப்புவதில் எதுவும் மாறாது. அதில் போட்டோ மட்டும் நன்றாக வரும். கனடாவில் சார்லின் சென் குழுவினர் மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவிகள் 893 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 12 மணி நேரப் பயிற்சி தந்தார்கள். தெரிந்தவனிடமிருந்து வரும் ஆபத்தை அடையாளம் காண்பது, பழகியவனிடம் முகத்துக்கு நேரே மறுக்கத் தடுக்கும் தயக்கத்தை உடைப்பது, உடலால் எதிர்ப்பது ஆகியவை அதில் அடக்கம். ஓராண்டில் பாலியல் வல்லுறவுக்கு ஆளாகும் வாய்ப்பு பயிற்சி பெறாதவர்களிடம் 9.8 சதவீதம், பெற்றவர்களிடம் 5.2 சதவீதம் என்று 2015-இல் முடிவு வந்தது. ஏறக்குறைய பாதி. பொறுப்பைப் பெண்ணின் தலையில் கட்டுகிறோமா என்ற உறுத்தல் இதில் எனக்கும் உண்டு. அதனால் பையன்களிடம் செய்ய வேண்டிய வேலையை இதற்குப் பதிலாக விட்டுவிட முடியாது. அந்த வேலை உபதேசமாக இருந்தால் எடுபடாது. வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பெண்ணின் அந்தரங்கப் படம் வரும்போது, ‘மச்சி, அதை டெலிட் பண்ணுடா’ என்று நான்கு பேர் முன்னால் சொல்லத் துணியும் ஒருவனை உருவாக்குவதுதான் அந்த வேலை. இப்படி அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி சிறைக்குப் போகும் குற்றம் என்பதே பல மாணவர்களுக்குத் தெரியாது.

பாதுகாப்பு என்ற பெயரில் பெண்களைப் பூட்டிவைக்கும் வழக்கத்தையும் மானியக் குழு விட்டுவைக்கவில்லை. பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண் மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாடுகளைப் பெண்கள் ஹாஸ்டலில் விதிக்கக் கூடாது என்று அதே ஒழுங்குமுறைகளில் எழுதியிருக்கிறது. நூலகமும் ஆய்வுக்கூடமும் இரவு பத்துவரை திறந்திருக்கும் கல்லூரியில் பெண்கள் மட்டும் ஏழு மணிக்கு உள்ளே போனால் இழப்பு படிப்பில்தான். இன்னொரு கெடுதல் வெளியே தெரிவதில்லை. ஹாஸ்டல் நேரத்தை மீறிய ஓர் இரவில் தவறு நடந்தால், அதைச் சொல்ல வரும் பெண் முதலில் தன் விதிமீறலை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பயத்தாலேயே அவள் வாய் திறக்க மாட்டாள். புகார் சொல்ல வருபவரின் ஹாஸ்டல் விதிமீறலுக்குத் தண்டனை இல்லை என்று ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். செலவு ஒரு தாள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அட்மிஷன் நேரத்தில் பிளேஸ்மென்ட் எத்தனை சதவீதம், மெஸ் சாப்பாடு எப்படி என்று விசாரிக்கிறீர்கள். கூடவே உள் புகார்க் குழுவின் தலைவர் யார், வெளி உறுப்பினர் யார், மாணவப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்களா, போன ஆண்டு எத்தனை புகார் வந்து எத்தனை முடிந்தன என்று கேளுங்கள். ஆண்டறிக்கையில் இந்த எண்ணிக்கை இருக்க வேண்டும். ஒரு புகாரும் வரவில்லை என்று பெருமையாகச் சொல்லும் கல்லூரியைவிட, நான்கு வந்தன, நான்கையும் 90 நாளில் முடித்தோம் என்று சொல்லும் கல்லூரியை நம்புங்கள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மகளிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: எது நடந்தாலும் உன் படிப்பு நிற்காது. மகளிர் உதவி எண் 181. எந்த நேரத்திலும் அழைக்கலாம்.