மொழி கேட்கும் பெட்டி

செஞ்சியில் எங்கள் வீட்டு மேசைமேல் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. பிபிசி மைக்ரோ என்று பெயர். கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட வகை. 1984-85இல் மத்திய அரசு பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்கும் 'கிளாஸ்' திட்டத்தைத் தொடங்கியபோது, முதற்கட்டமாக ஏறத்தாழ 250 பள்ளிகளுக்குப் போனவை இந்தப் பெட்டிகள்தான். இன்று ஐம்பது வயதைக் கடந்த பலர் முதன்முதலில் விரல் வைத்த கம்ப்யூட்டர் இது.

பழைய சாமான் கடையிலிருந்து வந்த இந்தப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தால் திரையில் தன் பெயரைக் காட்டும். அதன்கீழ் ஒரே ஒரு சொல்: 'லாங்குவேஜ்?'

எந்த மொழியில் பேசுவது என்று அது கேட்கிறது. சோபி வில்சன் எழுதிய பேசிக் மொழி, 16 கிலோபைட் ரோம் சிப் ஒன்றுக்குள் இருக்கிறது. அந்தச் சிப்பைப் பெட்டியால் படிக்க முடியவில்லை. உடனே சிப் செத்துப்போனது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இந்த ரோம் ஈயம் வைத்துப் பற்றவைத்தது அல்ல, சாக்கெட்டில் செருகியது. ஒரு பக்கத்துக்கு 14 கால், மொத்தம் 28. ஒவ்வொரு காலையும் சாக்கெட்டுக்குள் ஒரு சின்ன உலோக வில் கவ்விப் பிடித்திருக்கும்.

சித்திரை வெயிலில் எங்கள் ஊர் ராஜகிரி மலைப் பாறைமேல் வெறுங்காலை வைத்தவருக்குச் சூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பகலில் விரிந்து இரவில் சுருங்கி, விரிந்து சுருங்கியே பாறையிலும் விரிசல் ஓடுகிறது. சிப்பும் அப்படித்தான். ஓடும்போது சூடேறி விரியும், அணைத்தால் சுருங்கும். ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத அளவு மேலே நகரும். ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் கால்கள் பிடி தளரும். கூடவே உலோகத்தின்மேல் மெல்லிய களிம்புப் படலம் படியும். மின்சாரம் அங்கே தடைபடும். சிப்பை ஒருமுறை கழற்றி மாட்டினால் காலும் வில்லும் உரசி அந்தப் படலம் கிழிகிறது. பல பெட்டிகளுக்கு இதுவே மருந்து.

கழற்றுவதில்தான் ஆபத்து. ஒரு காலின் பிடி சில பத்து கிராம் எடைக்குச் சமம் என்றாலும் 28 கால்களும் சேர்ந்தால் கிலோக் கணக்கில் வரும். ஒரு முனையை மட்டும் நெம்பினால் அந்த முனை சட்டென்று எழும்பும். எதிர்முனைக் கால்கள் சாக்கெட்டுக்குள் சிக்கியபடியே மடங்கும். மடங்கிய காலை இரண்டு மூன்று தடவை நிமிர்த்தினால் ஒடிந்துவிடும்.

நம் பக்கத்துக் கல் உடைப்பவர்களிடம் இதற்கான பாடம் இருக்கிறது. பாறையில் வரிசையாகக் குழி அடித்து ஆப்புகளைச் செருகுவார்கள். எந்த ஆப்பையும் ஒரே மூச்சில் இறக்க மாட்டார்கள். இதில் ஒரு தட்டு, அடுத்ததில் ஒரு தட்டு, மறுபடி முதலிலிருந்து. அப்போதுதான் கல் நேராகப் பிளக்கும். சிப்புக்கும் அந்தப் பொறுமை வேண்டும். மெல்லிய மைனஸ் ஸ்க்ரூடிரைவரைச் சிப்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே நுழைத்து, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்க வேண்டும். பிறகு எதிர்முனை. மாறி மாறி. ஸ்க்ரூடிரைவர் சாக்கெட்டுக்கு அடியில் போய்விட்டால் போர்டின் செம்புத் தடங்கள் அறுந்துபோகும் என்பதால் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்யுங்கள்.

அதற்கு முன்பே இரண்டு வேலைகள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். உடம்பில் தேங்கிய நிலைமின்னைக் கழிக்க வேண்டும். ஏறக்குறைய 3,000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நம் விரலுக்கு அது உறைக்காது. சிப்புக்கு உள்ளே இருக்கும் காப்புப் படலமோ தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. சில நூறு வோல்ட்டே அதைத் துளைத்துவிடலாம். மழை மாதங்களில் காற்றின் ஈரம் நம்மைக் கொஞ்சம் காக்கும்; கோடையின் வறண்ட மதியத்தில் காக்காது. எர்த் செய்த உலோகத்தைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள், மணிக்கட்டுப் பட்டை இருந்தால் இன்னும் நல்லது. கழற்றிய சிப்பைத் தெர்மாகோலில் குத்தி வைக்கவே கூடாது, அது நிலைமின்னின் ஊற்று. அலுமினியத் தாள்மேல் வையுங்கள்.

திரும்ப மாட்டும்போது சிப்பின் ஒரு முனையில் உள்ள பிறைப் பள்ளம் முன்பு இருந்த பக்கமே இருக்க வேண்டும். 28ஆம் காலில் 5 வோல்ட், 14ஆம் காலில் தரை. தலைகீழாக மாட்டினால் இந்த இரண்டும் அப்படியே இடம் மாறி, சில நொடிகளில் சிப் கொதித்து அழியும். கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

என் பெட்டியின் ரோமைக் கழற்றி, அதே இடத்தில் அழுத்தி உட்கார வைத்தேன். கேள்வி போய், 'பேசிக்' என்று வந்தது.

உங்கள் ஊர்ப் பள்ளியின் பூட்டிய அறையிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். பவர் சப்ளையில் இருக்கும் பழைய கப்பாசிட்டர்கள் வெடித்துப் புகை கக்கக்கூடியவை; விவரம் தெரிந்தவரிடம் அதை முதலில் காட்டுங்கள். எடைக்குப் போடும் முன், சிப்புகளை ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள்.