அணியும் கணனியும் கூறுகளாக வகுத்தலும்

காணும் உலகின்மீது கணனிப் படிமங்களைப் பொருத்திக்காட்ட ஐவன் சதர்லாந்து 1968 இல் வெளியிட்ட தலைக்கருவி கூரையிற் பிணைக்கப்பட்டிருந்தது. அணிந்தவர் அறையைவிட்டு அகலவியலாது. 1997 இல் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் கணனியை முதுகுப்பையிலும் காட்சித்திரையைத் தலையிலும் பகிர்ந்தமைத்து, வளாகக் கட்டடங்களின் பெயர்களை நடப்பவர் கண்முன் தோற்றுவித்தனர். சுமை ஏறத்தாழ 18 கிலோகிராம்.

இன்று சுமை குறைந்துள்ளது. எனினும், உறுப்புகள் அனைத்தும் ஒரே கூட்டினுள் அடங்குகையில் எடையும் வெப்பமும் முகத்திற் குவிகின்றன; ஒன்று பழுதுற்றாலும் முழுக்கருவியும் பயனிழக்க நேரும். தனிக்கூறுகளாக வகுப்பின் மின்கலமும் கணனியும் இடுப்புக்கு இறங்கும். பழுதானதை மட்டும் மாற்றலாம். வடங்கள் மிகுவது குறைபாடே.

கூறுகளை இணைக்கும் நியமம் பொதுவில் வெளியிடப்படின் எவரும் திருத்தலாம். நிறுவனத்தின் தனியுடைமையாயின் அணிபவர் அதிலேயே தங்கியிருப்பர். உடலிற் பூணும் கருவி எவருக்குரியது என்பதை இந்நியமமே தீர்மானிக்கும்.