மழைக்காட்டு வெண்சிறகி

இலங்கைக்கே உரிய வண்ணத்துப்பூச்சி இனங்களுள் ஒன்று இடியா இயசோனியா. வெஸ்ற்வுட் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1848இல் இதனை விவரித்தார். ஒளி ஊடுருவத்தக்க அகன்ற வெண்சிறகுகளிற் கரிய நரம்புகளும் புள்ளிகளும் பரந்துள்ளன. காற்றில் விடப்பட்ட மென்கடதாசி போலச் சிறகைச் சிறிதே அசைத்து, மரங்களினூடே மிதந்து திரியும். இம்மந்தகதி பலவீனமன்று. இக்குலத்துப் பூச்சிகளின் உடலிலுள்ள நச்சுச்சேர்வைகள் காரணமாகப் பறவைகள் பொதுவாக இவற்றைத் தீண்டா. விரைந்தோடவேண்டிய தேவை இதற்கில்லை.

ஆயின் கோடரிக்கு எதிராக இக்காப்புப் பயன்படாது. இதன் பிரதான வாழிடம் ஈரவலயக் காடுகளே. அவற்றுள் முதன்மையான சிங்கராஜாவில், ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக 1970களில் இயந்திரங்கொண்டு மரந்தறிக்கப்பட்டது. பலத்த எதிர்ப்பின் பின்னரே அது நிறுத்தப்பட்டது. 1988இல் அவ்வனம் உலக மரபுரிமைத் தலமாயிற்று. அதற்கு வெளியே, தேயிலையும் றப்பரும் துண்டாடிய காடுகள் ஒன்றோடொன்று தொடர்பற்றுக் கிடக்கின்றன.