பொன்னும் பொடியும் ஊதுகுழலும்

(வேதியியல், மூன்றாம் ஆண்டு)

பொன்னைப் பற்றிப் பேசாத நாள் நம் தஞ்சைத் தரணியில் உண்டா? ஆடியில் நாற்று விடும்போது அடகுக்குப் போவதும், தையில் களம் கண்டபின் மீண்டு வருவதும் அதே பொன்தான். "பெண்ணுக்கு எத்தனை பவுன்?" என்ற ஒரு கேள்வியில் நின்றுபோன திருமணங்களையும் நாம் அறிவோம். ஆயினும் அந்தப் பவுன் எவ்வாறு கம்பியாகிறது, கம்பி எவ்வாறு வளையமாகிறது, வளையத்தின் இரு முனைகளும் தடம் தெரியாமல் எவ்வாறு ஒன்று சேர்கின்றன என்பதை நம்மில் எத்தனை பேர் அருகில் அமர்ந்து பார்த்திருக்கிறோம்? உழவர் குடும்பத்தில் பிறந்த நானும் சென்ற ஆண்டு வரை பார்த்ததில்லை. விடுமுறையில் கற்றுக்கொண்ட சிறிதளவை நம் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னிலம் கடைத்தெருவில் ஒற்றை அறைப் பட்டறை ஒன்றில் எழுபதைக் கடந்த பத்தர் ஒருவர் இன்னும் வேலை செய்கிறார். அறுந்த சங்கிலி, உடைந்த கொலுசு, திருகு தேய்ந்த தோடு ஆகியவையே இப்போது அவரிடம் வருபவை. "என் பேரைப் போட வேண்டாம் தம்பி, வேலையை எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டார். ஆகவே அவரைப் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன்.

நெருப்பின் முன் உட்காரலாம் என்று ஆவலோடு போன என் கையில் அவர் முதலில் கொடுத்தது துடைப்பம். பட்டறையைக் கூட்ட வேண்டும். கூட்டிய குப்பையைக் கொட்டிவிடக் கூடாது. மூலையில் உள்ள தகர டப்பாவில் சேர்க்க வேண்டும். ஒரு வாரம் இதுதான் பாடம். அதன் பொருள் பிறகு விளங்கியது.

கருவிகள் அதிகம் இல்லை. அடைகல், இரண்டு மூன்று சுத்திகள், குறடு, சாமணம், கத்தரி, அரங்கள், மூசை, ஊதுகுழல், சிறு தராசு, உரைகல் இவ்வளவே. நடுநாயகமாக இருப்பது உமியோடு. வாய் அகன்ற மண்சட்டியில் உமியை நிரப்பி, அதன்மேல் கரித்துண்டுகளை வைத்து நெருப்பு மூட்டுகிறார்கள். நெல் விளையும் நாட்டில் உமிக்கா பஞ்சம்! ஆனால் எளிதில் கிடைப்பது மட்டுமே காரணமன்று. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே மேலே உள்ள கரியின் சூடு கீழே இறங்கி வீணாகாமல் தங்குகிறது. நம் ஆய்வுக்கூடத்தில் காப்பு உறை என்று எதைச் சொல்கிறோமோ அதே வேலைதான்.

இந்த நெருப்பை ஊதுகுழலால் ஊதி, வேண்டிய இடத்தில் மட்டும் கூராகச் சூடேற்ற வேண்டும். ஊதும்போது மூச்சை நிறுத்தலாகாது. கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு, அது குழல் வழியே போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். நாகசுரக்காரர் செய்வதும் இதுவேயன்றோ! எனக்கு இது கைவர இருபது நாள் ஆயிற்று. கன்னம் வலித்துச் சாப்பிட முடியாமல் போன நாளும் உண்டு. இன்று பெரும்பாலோர் எரிவாயுச் சுடரைப் பயன்படுத்துகின்றனர். பெரியவரிடமும் அது உண்டு. ஆனால் தொடக்கப் பயிற்சிக்கு ஊதுகுழலே நல்லது என்கிறார். அவசரப்பட்டால் அணைந்துவிடும், அதனால் கை நிதானப்படும்.

முதலில் செம்புக் கம்பி. மின்கம்பியின் உறையை உரித்து எடுத்த துண்டுதான். அதை அடைகல்லில் வைத்துத் தட்டினால் முதலில் இணங்கி நீள்கிறது. தட்டத் தட்ட முரண்டு பிடிக்கிறது. மேலும் தட்டினால் ஓரம் வெடிக்கிறது. உலோகத்துக்குள் அணுக்கள் படிக வரிசைகளாக அமைந்துள்ளன. அடிபடும்போது வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் உலோகம் வடிவம் மாறுகிறது. அடி மிகுந்தால் குறைகள் ஒன்றோடொன்று சிக்கி, மேலும் வழுக்க இடமில்லாமல் போகிறது, உலோகம் இறுகுகிறது. அப்போது மங்கிய சிவப்பு நிறம் வரும் வரை சூடாக்கி ஆறவிட்டால் படிகங்கள் புதிதாக உருவாகின்றன. உலோகம் மீண்டும் இளகுகிறது. இதற்குப் பதம் காட்டுதல் என்று பெயர். தட்டுதல், பதம் காட்டுதல், மறுபடி தட்டுதல்: பட்டறை வேலையில் பாதி இதுவே.

பொற்கொல்லர் பட்டறை ஏன் எப்போதும் சற்று இருட்டாக இருக்கிறது என்ற ஐயம் எனக்குச் சிறு வயது முதல் உண்டு. வெயிலில் அந்த மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் ஊதினால் வெள்ளி உருகி ஓடிவிடும். இருட்டுத்தான் அங்கே வெப்பமானி.

செம்பில் கை படிந்தபின் வெள்ளி. வீட்டில் கிடந்த அறுந்த கொலுசுத் துண்டுகளைக் கொண்டுபோனேன். அவற்றை மூசையில் இட்டு, சிறிது வெங்காரம் தூவி உருக்கினோம். தூய வெள்ளி 962 பாகை செல்சியசிலும், பொன் 1064 பாகையிலும், செம்பு 1085 பாகையிலும் உருகும். உருகியதைச் சிறு கம்பாக ஊற்றி, தட்டி, பதம் காட்டி, பிறகு கம்பியச்சில் இழுத்தோம். வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் துளைகள் கொண்ட எஃகுத் தகடு அது. கம்பியின் முனையைக் கூராக்கித் துளையில் நுழைத்து, மறுபக்கம் குறட்டால் பற்றி இழுக்க வேண்டும். ஒவ்வொரு துளையிலும் கம்பி மெலிந்து நீள்கிறது.

மோதிரத்துக்கு எவ்வளவு கம்பி வேண்டும்? விரலின் உள்விட்டம் 18 மில்லிமீட்டர், கம்பியின் கனம் 2 மில்லிமீட்டர் என்றால் இரண்டையும் கூட்டிப் பையால் பெருக்க வேண்டும், 62.8 மில்லிமீட்டர் வரும். கனத்தைக் கூட்டாமல் விட்டால் மோதிரம் விரலில் ஏறாது. இதை நான் தாளில் கணக்குப் போட்டுக் காட்டியபோது பெரியவர் ஓலைத்துண்டு ஒன்றை என் விரலில் சுற்றி, ஒரு நெல்லளவு சேர்த்து நறுக்கிக் காட்டினார். இரண்டும் ஒத்திருந்தன!

இனி வருவது பற்றவைப்பு. தொடக்கக்காரர் அழுவது இங்கேதான். வளைத்த கம்பியின் இரு முனைகளும் இடைவெளியின்றிச் சேர வேண்டும். அங்கே வெங்காரக் குழம்பைத் தடவி, பொடி எனப்படும் பற்றுலோகத் துணுக்கை வைத்து ஊத வேண்டும். "பொடி வைத்துப் பேசுகிறான்" என்கிறோமே, அது எங்கள் பட்டறையிலிருந்து போன பேச்சுத்தான் என்கிறார் பெரியவர்.

பொடியின் வேதியியல் வியப்புக்குரியது. வெள்ளியும் செம்பும் தனித்தனியே உயர்ந்த வெப்பத்தில் உருகுபவை. ஆனால் 72 பங்கு வெள்ளியும் 28 பங்கு செம்பும் கலந்தால், அக்கலவை ஏறத்தாழ 780 பாகையிலேயே உருகிவிடுகிறது. சிறிது பித்தளை சேர்த்தால், அதிலுள்ள துத்தநாகத்தால் இன்னும் குறைகிறது. ஆகவே நகை உருகுமுன் பொடி உருகி, நுண்ணிய இடைவெளிக்குள் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறிக்கொள்கிறது. இடைவெளி அகலமாக இருந்தால் ஏறாது. வெங்காரமோ காற்றை அணுகவிடாமல் காத்து, செம்பு ஆக்சைடைக் கரைத்து, பரப்பைத் தூய்மையாக வைக்கிறது.

இவ்வளவும் புத்தகத்தில் படித்துத் தெரிந்தவன்தான் நான். முதல் மோதிரத்தில் பொடியை மட்டும் பார்த்து ஊதினேன். பொடி உருகவில்லை, பக்கத்துக் கம்பி உருகி உருண்டையாயிற்று. பெரியவர் கோபிக்கவில்லை. "பொடியைச் சுடாதீங்க தம்பி, நகையைச் சுடுங்க. நகை பொடியைச் சுட்டுக்கும்" என்றார். முழு மோதிரத்தையும் ஒரே சீராகச் சூடாக்கினால் பொடி தானே ஓடிப் பாய்கிறது. இரண்டாம் முறை பாய்ந்தது. அந்த ஒரு கணப் பளபளப்பைக் காண எத்தனை முறை வேண்டுமானாலும் ஊதலாம்.

கறுத்துப்போன மோதிரத்தைப் புளிக்கரைசலில் காய்ச்சிப் பூந்திக்கொட்டை நுரையில் தேய்த்தால் வெண்மை திரும்புகிறது. திராவகம் பயன்படுத்துவோர், தண்ணீரில்தான் திராவகத்தை ஊற்ற வேண்டும், திராவகத்தில் தண்ணீரை ஊற்றலாகாது என்ற நம் ஆய்வுக்கூட விதியை அங்கும் மறக்க வேண்டாம்.

கே.டி.எம். நகை என்ற சொல்லைக் கேட்காதவர் இரார். பொன்னைப் பற்றவைக்கக் காட்மியம் கலந்த பொடியைப் பயன்படுத்தியதால் வந்த பெயர் அது. காட்மியம் 767 பாகையிலேயே ஆவியாகிவிடும். எனவே பற்றவைத்த இடத்தில் பொன்னின் தரம் குறையாது, வாங்குபவருக்கு ஆதாயம். ஆவியானது எங்கே போயிற்று? ஊதியவரின் நுரையீரலுக்குள். காட்மியப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு. அக்காலத்தில் கடைப்பலகையில் பெருமையாக எழுதி வைத்திருந்த மூன்று எழுத்துக்களின் பொருள் இதுதான். கற்கப் போகும் நண்பர்கள் காட்மியம் இல்லாத பொடியைக் கேட்டு வாங்க வேண்டும்.

பொன்னின் தரம் பார்க்கும் கலைக்கு நம் வட்டாரத்திலேயே ஒரு தெய்வம் உண்டு. திருவாரூர்க் கமலாலயக் கரையில் உள்ள மாற்றுரைத்த பிள்ளையாரைப் பலரும் கும்பிட்டிருப்போம். திருமுதுகுன்றத்தில் பெற்ற பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டுக் கமலாலயத்தில் எடுத்தாராம். ஆற்றில் இடுமுன் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார் என்கிறது புராணம். மச்சம் என்பது ஒப்பிட்டுப் பார்க்க எடுத்து வைக்கும் மாதிரித் துண்டு. இறைவன் கொடுத்த பொன்னுக்கே மச்சம் வெட்டியிருக்கிறார்! உரைகல்லில் நகையை ஒரு கோடும், தரம் தெரிந்த ஆணியை ஒரு கோடும் இழுத்து, நிறத்தை ஒப்பிடுகிறார்கள். நைட்ரிக் திராவகத்தை ஒரு துளி தொட்டால் செம்பும் வெள்ளியும் கரைந்து மறைய, பொன் மட்டும் நிற்கும். பத்தரை மாற்றுத் தங்கம் என்று நாம் புகழ்வது இந்த அளவையின் உச்சத்தைத்தான். இப்போது 22 காரட் நகையில் 916 என்ற முத்திரை உள்ளது. அதாவது ஆயிரம் பங்கில் 916 பங்கு பொன். 2021 முதல் இம்முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

சான்று கேட்கும் இந்த வழக்கம் சோழர் காலத்திலும் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த நகைகளைக் கல்வெட்டுகள் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நிறுத்து எழுதியுள்ளன. 2 குன்றி 1 மஞ்சாடி. 20 மஞ்சாடி 1 கழஞ்சு. பொன்னை நிறுத்த கல்லின் பெயர் ஆடவல்லான். நகைக்குள் இருந்த அரக்கு உட்பட எடை இவ்வளவு என்றும் எழுதியிருக்கிறார்கள். உள்ளே குழியான நகை நசுங்காதிருக்க அரக்கு நிரப்புவது இன்றும் உள்ள வழக்கம். அதைச் சொல்லாமல் விட்டால் பொன் கூடுதலாகத் தோன்றும்.

பொற்கொல்லர் மீதுள்ள ஐயம் அதைவிடப் பழையது. சிலப்பதிகாரத்தில் சிலம்பு திருடியவன் ஒருவன். அதற்காகப் பலியிடப்பட்ட பொற்கொல்லரோ ஆயிரம் பேர் என்கிறது அந்நூல். தாயின் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்ற பழமொழியை நம் வீட்டிலும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

அதனால் என் இரண்டாம் மோதிரத்தில் கணக்கு வைத்தேன். பொடி உட்பட நெருப்புக்குப் போன வெள்ளி 3 கிராம். முடிந்த மோதிரம் 1.95 கிராம். நறுக்கிய மிச்சத் துண்டு 0.90 கிராம். அரத்தூள் 0.11 கிராம். கூட்டினால் 2.96. மீதி 40 மில்லிகிராம் எங்கே? மூசையில் ஒட்டியது, தரையில் சிந்தியது, தேய்த்த துணியில் போனது. திருடன் யாருமில்லை; பட்டறையில் இருந்தவன் நான் ஒருவனே. தகர டப்பாவின் பொருள் அன்று புரிந்தது. ஆண்டுக்கு ஒருமுறை அரிப்புக்காரர் வந்து அந்தக் குப்பையை விலைக்கு வாங்கி, நீரில் அலசி உலோகத்தைப் பிரித்தெடுக்கிறார். இன்று பெரிய கடைகளில் விலைச்சீட்டில் எழுதப்படும் சேதாரத்துக்கும் இந்த 40 மில்லிகிராமுக்கும் உறவு மிகக் குறைவு. இயந்திரத்தில் வார்த்த நகைக்கும் அது போடப்படுகிறது. கூலிக்கு வேலை செய்யும் தட்டாருக்கு அதில் பங்கில்லை. பழி மட்டும் அவருக்கு.

1963 சனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தபோது பெரியவர் சிறுவர். சீனப் போரை அடுத்து, 14 காரட்டுக்கு மேற்பட்ட புது நகை செய்யலாகாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. நம் மக்கள் 14 காரட்டை நகையாகவே மதிக்கவில்லை. வேலை நின்றது. நாடெங்கும் பொற்கொல்லர் பலர் பிழைப்பிழந்தனர். உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. பெரியவரின் தந்தை அந்த ஆண்டு அறுவடைக்குக் கூலியாகப் போனாராம். அரிவாள் பிடித்துப் பழகாத கை. முதல் நாளே விரலை வெட்டிக்கொண்டு திரும்பினார். வீட்டில் உமி இருந்தது, உமியோட்டில் நெருப்பு இல்லை என்றார் பெரியவர். காரட் கட்டுப்பாடு 1966இல் நீங்கியது. 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல்தான் முற்றிலும் நீக்கப்பட்டது. இடையில் பட்டறையை விட்டுப் போனவர்களின் பிள்ளைகள் திரும்பவில்லை. பெரியவரின் மகன் கோயம்புத்தூரில் வார்ப்புப் பட்டறை ஒன்றில் இருக்கிறார். அங்கே மெழுகில் உருவம் செய்து, அதை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் பொன்னை வார்க்கிறார்கள். முறை சுவாமிமலைச் சிற்பிகளுடையதே, வேகம் இயந்திரத்தினுடையது.

ஒரு காலத்தில் தந்தை மகனுக்கு மட்டும் சொல்லித் தந்த தொழில் இது. "நம்ம பிள்ளைங்க வரலை, வர்ற பிள்ளைக்குச் சொல்லித் தர்றேன்" என்கிறார் இப்போது. மாலை ஐந்து மணிக்கு மேல் போனால் உட்கார இடம் தருவார். செம்புக் கம்பியை நாமே கொண்டுபோக வேண்டும்.

மோதிரத்தை அம்மாவிடம் கொடுத்தேன். ஒட்டிய இடத்தை நகத்தால் தடவித் தேடிவிட்டு, "யாருகிட்ட வாங்கினே?" என்றார். அடுத்த வாரம் தோட்டுக்குத் திருகு மரை வெட்டச் சொல்லித் தருவதாகப் பெரியவர் கூறியிருக்கிறார். ஒரு மில்லிமீட்டர் தண்டில் மரை வெட்ட வேண்டுமாம். கண்ணாடி போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.