பரிசலுக்கு முன்பக்கம் எது தெரியுமா?

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவரா நீங்கள்? அப்படியானால் சொல்லுங்கள்: அதற்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது? இரண்டுமே கிடையாது! சும்மா விட்டால் வட்டமடிக்கும். பரிசல்காரர் வேண்டுமென்றே சுழற்றி நம்மை அலறவைப்பது வேடிக்கைக்கு. அதைச் சுற்றவிடாமல் ஒற்றைத் துடுப்பால் அக்கரை சேர்ப்பதுதான் வித்தை!

1520களில் விஜயநகரம் வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், தோல் போர்த்திய இந்தக் கூடைகளைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். சுற்றிக்கொண்டேதான் போகுமாம், ஆனால் 15, 20 பேரைத் தாங்குமாம். அவசரமென்றால் குதிரையும் மாடும்கூட ஏறுமாம்!

எப்படிச் செய்கிறார்கள்? மூங்கிலைப் பிளந்து, பத்தைகளைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, நடுவிலிருந்து முடைந்துகொண்டே வருவார்கள். போதிய அகலம் வந்ததும் ஓரங்களை மேலே வளைத்து, விளிம்பைத் தடிமனாகப் பின்னிக் கட்டினால் கூடை தயார். ஆணிக்கு வேலையே இல்லை! பாறையில் இடித்தாலும் மூங்கில் வளைந்து கொடுக்கும். அடி தட்டை என்பதால் ஆழமில்லாத நீரிலும் ஓடும். எல்லாம் சரி, ஓட்டைக் கூடை எப்படி மிதக்கும்? அன்று மாட்டுத்தோல் போர்த்தினார்கள். இன்று பிளாஸ்டிக் விரிப்பும் தாரும்.

அந்தத் தோலுக்கு இருந்த மதிப்பைக் கேளுங்கள்! கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொன்ன கதை இது. ஆர்மீனியாவிலிருந்து வணிகர்கள் தோல் போர்த்திய வட்டப் படகில் சரக்கோடு ஒரு கழுதையையும் ஏற்றிக்கொண்டு பாபிலோனுக்கு வருவார்கள். சரக்கை விற்று, படகின் மரச்சட்டத்தையும் அங்கேயே விற்றுவிடுவார்கள். தோலை மட்டும் சுருட்டிக் கழுதை முதுகில் போட்டு, நடந்தே ஊர் திரும்புவார்கள். ஆற்றின் வேகத்தை எதிர்த்துப் படகில் ஏற முடியாதே!

வியட்நாம் மீனவர்கள் தோலைத் தேடவே இல்லை. மூங்கில் கூடையில் மாட்டுச்சாணம் மெழுகி மரப்பிசின் பூசிக் கடலிலேயே இறங்கிவிட்டார்கள்! ஈராக்கின் வட்டப் படகான குஃபாவுக்கு நிலக்கீல் பூச்சு.

உச்சம் இதுதான். பிரிட்டிஷ் மியூசியத்தின் இர்விங் ஃபிங்கல் படித்துச் சொன்ன, சுமார் 3,700 ஆண்டுப் பழைய பாபிலோனியக் களிமண் பலகையில் ஊழிவெள்ளத்துக்கான பேழையும் வட்டப் பரிசல்தான்! அகலம் ஏறக்குறைய 70 மீட்டர். பின்னத் தேவையான கயிறு, அவர் கணக்குப்படி, 527 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குப் போன பிறகும் மிச்சமிருக்கும்!

அந்தப் பலகை சொன்னபடியே, அளவைச் சுருக்கி, ஒரு பேழையைக் கட்டியும் பார்த்தார்கள். எங்கே தெரியுமா? நம் பக்கத்துக் கேரளத்தில்! மிதந்தது. ஆனால் பூசிய நிலக்கீல் தரமாக இல்லாததால் ஒழுகியது.