“ஏன் இப்படி ஆச்சு?” - குழந்தையை இழந்தவர்களின் கேள்விக்கு மருத்துவம் எப்படி பதில் தேடுகிறது?

வளைகாப்பு முடிந்து, பெயர்கூட யோசித்து வைத்த பிறகு, ஸ்கேன் ரூமில் “துடிப்பு இல்லைங்க” என்று கேட்க நேர்வது எந்தப் பெண்ணுக்கும் நடக்கக் கூடாதது. அதற்கு அடுத்த வாரம் வீட்டில் நடப்பது இன்னும் மோசம். “பப்பாளி சாப்பிட்டியா?”, “கிரகணத்தன்னிக்கு வெளிய போனியா?”, “டூவீலர்ல போகாதேன்னு அப்பவே சொன்னேனே...” துக்கம் விசாரிக்க வருகிறவர்களே அந்தப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போவார்கள்.

‘ஏன் இப்படி ஆச்சு?’ என்ற கேள்விக்கு மருத்துவம் என்ன பதில் வைத்திருக்கிறது? அந்தப் பதிலை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உங்கள் வீட்டிலோ, நட்பு வட்டத்திலோ யாருக்காவது இது நடந்திருந்தால், இந்த விஷயம் தெரிந்திருப்பது ரொம்ப முக்கியம்.

எது இறந்து பிறத்தல்?

ஆரம்ப மாதங்களில் கரு கலைவது கருச்சிதைவு. அதற்குப் பிறகு வயிற்றிலேயே உயிர் பிரிந்தால், அது இறந்து பிறத்தல். எந்த வாரத்தில் கோடு போடுவது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 20 வாரம், பிரிட்டனில் 24 வாரம். இந்தியாவில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 28 வாரம். உயிரோடு பிறந்து முதல் 28 நாள்களுக்குள் இறந்தால், அது பச்சிளம் குழந்தை மரணம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுக்கு சுமார் 20 லட்சம் குழந்தைகள் இறந்தே பிறக்கின்றன. 2022-ம் ஆண்டில் மட்டும் சுமார் 23 லட்சம் குழந்தைகள் பிறந்த முதல் மாதத்துக்குள் இறந்திருக்கின்றன. ‘நமக்கு மட்டும் ஏன்?’ என்று தனியாக அழுதுகொண்டிருக்கும் பெற்றோருக்கு முதலில் தெரிய வேண்டியது, அவர்கள் தனியாக இல்லை என்பதுதான்.

ஒரே மரணம், வேறு வேறு காரணம்!

காரணங்களை வகை பிரிக்கும் முயற்சி ரொம்பப் பழையது. ஸ்காட்லாந்தின் அபர்தீனில் டுகால்ட் பெயர்ட் என்ற மகப்பேறு மருத்துவர் 1954-ல் ஒரு பட்டியல் கொடுத்தார். 1980-ல் விகில்ஸ்வொர்த் என்ற பிரிட்டன் நோயியல் நிபுணர், பெரிய பரிசோதனை வசதி இல்லாத இடத்திலும் பயன்படுத்தும்படி ஐந்தே பிரிவுகளில் சுருக்கினார். அதன்பிறகு ஆளாளுக்கு ஒரு பட்டியல். 2009 முதல் 2014 வரை மட்டும் உலகம் முழுக்க 81 வகைப்பாட்டு முறைகள் இருந்ததாக ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்னார்கள்.

‘பட்டியல்தானே, எதுவா இருந்தா என்ன?’ என்று தோணுதா? இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லேண்ட்ஸ் பகுதியில் 1997 முதல் 2003 வரை நடந்த 2,625 இறந்த பிறப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். விகில்ஸ்வொர்த் முறையில் பிரித்தபோது சுமார் 66 சதவிகித மரணங்கள் ‘காரணம் தெரியவில்லை’ என்ற பெட்டியில் விழுந்தன. அதே மரணங்களை 2005-ல் வந்த ‘ரீகோடு’ என்ற புதிய முறையில் பிரித்தபோது, அது சுமார் 15 சதவிகிதமாகக் குறைந்தது. குழந்தை வயிற்றுக்குள் சரியாக வளரவில்லை என்பதைப் பழைய முறை கணக்கிலேயே எடுக்கவில்லை. புதிய முறை எடுத்தது. 43 சதவிகிதக் குழந்தைகளுக்கு அந்த வளர்ச்சிக் குறைபாடு இருந்தது.

வளர்ச்சிக் குறைவைப் பல நேரங்களில் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும். ‘காரணம் தெரியலை’ என்று ஃபைலை மூடிவிட்டால், அடுத்த கர்ப்பிணிக்கு யாரும் அதைத் தேடப்போவதில்லை. வகைப்பாடு ஏன் முக்கியம் என்றால், இதனால்தான்.

இப்போதைய முறை எப்படி?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, 2016-ல் உலக சுகாதார நிறுவனம் ‘ஐ.சி.டி-பி.எம்’ என்ற பொது முறையைக் கொண்டுவந்தது. அது மூன்று கேள்விகளைக் கேட்கிறது.

1. எப்போது நடந்தது? பிரசவ வலி வருவதற்கு முன்பா, வலி வந்த பிறகு பிரசவத்தின்போதா, பிறந்த பிறகா? குழந்தையின் தோலின் நிலையை வைத்தே ஓரளவு கணிப்பார்கள். தோல் உரிய ஆரம்பித்திருந்தால் உயிர் பிரிந்து பல மணி நேரம் ஆகியிருக்கும். உலகில் இறந்து பிறக்கும் குழந்தைகளில் 40 சதவிகிதத்துக்கும் மேல் பிரசவ வலி தொடங்கிய பிறகுதான் இறக்கின்றன. சரியான கண்காணிப்பு இருந்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடிய மரணங்கள் இவை.

2. குழந்தைக்கு என்ன ஆனது? பிறவிக் குறைபாடு, நோய்த்தொற்று, ஆக்ஸிஜன் கிடைக்காமல் போனது, வளர்ச்சிக் குறைவு, குறைமாதம் என்று பிரிவுகள் இருக்கின்றன. வலிக்கு முந்தைய மரணங்களுக்கு 6, பிரசவத்தின்போது நடப்பவற்றுக்கு 7, பிறந்த பிறகு நடப்பவற்றுக்கு 11 பிரிவுகள்.

3. அம்மாவுக்கு என்ன இருந்தது? நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி பிரச்னையா, பிரசவச் சிக்கலா, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற உடல்நலப் பிரச்னையா என்று பார்ப்பார்கள்.

மூன்றாவது கேள்வியில் ஐந்தாவதாக ஒரு பிரிவு உண்டு: ‘தாயிடம் எந்தப் பிரச்னையும் கண்டறியப்படவில்லை.’ அம்மா நல்லாத்தான் இருந்தாங்க என்பதையும் மருத்துவப் பதிவிலேயே எழுத இடம் இருக்கிறது. பப்பாளிக்கும் கிரகணத்துக்கும் அந்தப் பட்டியலில் எங்கேயும் இடம் இல்லை!

கழுத்தில் கொடி சுற்றியிருப்பதும் அப்படித்தான். ‘மாலை சுத்திப் பிறந்தா தாய்மாமனுக்கு ஆகாது’ என்று நம் ஊரில் சொல்வார்களே, அப்படிப் பிறந்த பல குழந்தைகள் நலமாகத்தான் வளர்கின்றன. கொடியைப் பார்த்த உடனே ‘இதுதான் காரணம்’ என்று முடிவு கட்டாமல், மற்றதையும் பரிசோதிக்க வேண்டும்.

அந்த நேரத்தில் என்ன கேட்கலாம்?

அழுகைக்கு நடுவில் இதையெல்லாம் யோசிக்க முடியாது. அதனால் கணவரோ, அக்காவோ, தோழியோ கேட்க வேண்டும்.

* நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். கழிவோடு போய்விட்டால் திரும்பக் கிடைக்காது.
* குழந்தைக்கு உடற்கூறாய்வு, மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். மனசு ஒப்பவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வெளிப்புறப் பரிசோதனை, எக்ஸ்ரே ஆகியவையாவது செய்யலாம்.
* அம்மாவுக்கு சர்க்கரை, தைராய்டு, ரத்த வகை, சிஃபிலிஸ், ரத்த உறைவு தொடர்பான பரிசோதனைகள் பற்றிக் கேளுங்கள்.
* எல்லா ரிப்போர்ட்டையும் எழுத்தில் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அடுத்த கர்ப்பத்தில் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

எல்லாப் பரிசோதனையும் செய்த பிறகும் சிலருக்குக் காரணம் கிடைக்காமல் போகலாம். அது யாருடைய தப்பும் இல்லை.

அடுத்த முறை...

காரணம் தெரிந்தால் வழியும் தெரியும். குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு இருந்திருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே அதிக அளவு ஃபோலிக் அமிலம் கொடுப்பார்கள். ரத்த அழுத்தம் காரணம் என்றால், ஆரம்பத்திலேயே குறைந்த அளவு ஆஸ்பிரின் பற்றி டாக்டர் முடிவு செய்வார். சிஃபிலிஸ் என்றால் பென்சிலின். அம்மாவின் ரத்தம் நெகட்டிவ் என்றால் ‘ஆன்டி-டி’ ஊசி.

கர்ப்பமாக இருக்கும் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு விஷயங்கள். 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்காமல் ஒருக்களித்துப் படுங்கள். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், ‘காலையில பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். போனில் இருக்கும் ‘ஹார்ட் பீட்’ ஆப் எதையும் நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

லீவு விஷயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை இறந்து பிறந்தாலோ, பிறந்து 28 நாள்களுக்குள் இறந்தாலோ, மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 60 நாள் சிறப்பு மகப்பேறு விடுப்பு வழங்க, சில நிபந்தனைகளோடு 2022-ல் உத்தரவு வந்தது. 1961-ம் ஆண்டு மகப்பேறு பலன்கள் சட்டமே ‘குழந்தை’ என்பதில் இறந்து பிறந்த குழந்தையையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. “குழந்தைதான் இல்லையே, லீவு எதுக்கு?” என்று யாராவது கேட்டால், வாய் மூடி இருக்க வேண்டியதில்லை.

துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. “என்ன சாப்பிட்டே? எங்க போனே?” என்று கேட்காதீர்கள். “ரிப்போர்ட் வாங்கப் போகணும்னா சொல்லு, நான் கூட வர்றேன்” என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு அதுதான் தேவை.