மலையேறும் நெருப்பு

விளக்கு அணைந்தது என்று சொல்வது அமங்கலம் என்று கருதி, மலையேறிற்று என்று சொல்லும் வழக்கம் எங்கள் ஊத்துக்குளிப் பக்கத்து வீடுகளிலும் உண்டு; வனத்தில் பற்றிய அக்கினியோ மலையேறத் தொடங்கும்போதுதான் பலம் பெறுகிறது. கீழிருந்து எழும் சுவாலை மேலே நிற்கும் புல்லை முன்னதாகவே காயவைத்துவிடுவதால், சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் நெருப்பின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது ஆஸ்திரேலியர் அனுபவத்தில் கண்ட கணக்கு.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீ, மலையேற்றத்திற்குச் சென்றிருந்தவர்களைச் சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு திருப்பூர்ப் பக்கத்திலிருந்து மற்றொரு குழு. சிகிச்சையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் பிராணனை இழந்தார்கள். ஆறு நாள் பனியன் கம்பெனி இரைச்சலில் உழைத்துவிட்டு ஏழாம் நாள் குளிர்ந்த காற்றைத் தேடி மலைக்குப் போவது எங்கள் பிரதேசத்து இளைஞர்களுக்குச் சகஜமாகையால், அது இங்கே அயலூர்ச் செய்தியாக இருக்கவில்லை.

அரசாங்கம் விசாரணைக்கு உயர் அதிகாரி அதுல்ய மிஸ்ராவை நியமித்தது. அவ்வாண்டிலேயே மலையேற்றத்துக்கு விதிகளும் பிறந்தன. டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம், செயற்கைக்கோள் கண்ட தீயை வனத்துறையினரின் கைபேசிக்கு அறிவிக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் செயற்கைக்கோள் ஓரிடத்தைத் தினமும் சில தடவைகளே கடப்பது. காற்றடிக்கும் புல்வெளியோ அதற்காகக் காத்திராது. என் அபிப்பிராயத்தில் வனத்தைக் காப்பது, கோடைக்கு முன்பே சருகையும் புல்லையும் அகற்றி இட்ட தீத்தடுப்புக் கோடும், பச்சைக் கிளையால் அடித்தும் எதிர்த்தீ வைத்தும் அணைக்கத் தெரிந்த மலைவாசிக் காவலருமே. அவர்களைக் கோடைக்கு மட்டும் கூலிக்கு அழைத்துப் பிறகு மறந்துவிடுவது புத்திசாலித்தனமன்று.

நம் திருப்பூர் மாவட்டத்திலேயே உடுமலை, அமராவதி வனச்சரகங்கள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. மூணாறு சாலை அவற்றின் ஊடே போகிறது. இந்நாட்டுக் காட்டுத்தீயில் பெரும்பகுதி மனிதர் கையால் மூளுவதாகையால், பீடித்துண்டையும் அங்கே எறியலாகாது. தப்பித்தவறித் தீயில் அகப்பட்டவர்கள் மேட்டை நோக்கி ஓடாமல், புல்லற்ற பாறையையோ ஏற்கெனவே எரிந்து கருகிய நிலத்தையோ நாடவேண்டும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மலையேற்றப் பாதைகள் மூடப்படுகின்றன. போக ஆசையுள்ளவர்கள், உத்தரவு பெற்று, மார்கழியில் போய்வாருங்கள்.